தகரம் மாத்துறது யாரு?

எங்கள் ஊர்ப் பெயரின் முதல் எழுத்தே கொஞ்சம் வில்லங்கமானது. 'கொ' என்று எழுதும்போது ககரத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். ஆனால் கணினிக்குள் அது 'க', அதற்கடுத்து ஒகரக் குறி என்று இரண்டு துண்டாகத்தான் கிடக்கும். குறியைப் பிரித்து, கொம்பை முன்னால் நகர்த்தித் திரையில் வரைவது ஒரு மென்பொருளின் வேலை. ஆரம்ப கால ஆண்ட்ராய்டு போன்களில் அந்த வேலை நடக்கவில்லை. கொம்பும் காலும் இடம் மாறி விழும். "ஒங்க ஊரு பேரையே ஒழுங்கா எழுதத் தெரியாதா?" என்று கொழும்பில் வேலைக்குப் போன கூட்டாளிமார் சிரிப்பார்கள். பிறகு ஒருநாள் புதுப் போனில் எல்லாம் சரியாக வந்தது. யார் சரிசெய்தது என்று நாங்கள் கேட்கவேயில்லை.

இப்போதுதான் தேடிப் பார்த்தோம். ஆண்ட்ராய்டு, குரோம், பயர்பாக்ஸ், லிப்ரே ஆபிஸ் எல்லாவற்றிலும் எழுத்தை அடுக்கிக் கொடுப்பது ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல். பாரசீகத்தில் 'திறந்த எழுத்து' என்று அர்த்தமாம். அதைப் பல வருடம் தோளில் சுமந்தவர் பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத், ஈரானில் பிறந்தவர். முதலில் ரெட் ஹாட், பிறகு கூகிள் என்று கம்பெனிகள் சம்பளம் கொடுத்ததால் அவரால் அந்த வேலையில் உட்கார முடிந்தது. சம்பளம் இல்லாத இடங்களில் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கதை ஒரு பிரிண்டரில் தொடங்குகிறது. 1980 வாக்கில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுகூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே இருந்த பழைய பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் எல்லாருக்கும் தகவல் போகிற மாதிரி அவரே நிரலில் கை வைத்திருந்தார். ஜெராக்ஸ் கம்பெனி கொடுத்த புது பிரிண்டரும் சிக்கியது. ஆனால் அதன் மூலநிரல் கையில் இல்லை. அதை வைத்திருந்த ஒருவரைத் தேடிப்போய்க் கேட்டார். கொடுக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றார் அவர். 1983இல் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டத்துக்குப் பின்னால் இந்தக் கோபமும் இருந்தது. ஓசி சாமான் வேண்டும் என்ற ஆசையில் பிறந்ததல்ல அது. கெட்டுப்போனதைத் திருத்தும் உரிமைக்காகப் பிறந்தது.

லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கோபத்தை விளக்கத் தேவையில்லை. கூரைத் தகரம் ஓட்டையானால் சட்டியை வைத்துத் தண்ணி பிடிப்போம். தலைவரிடம் சொல்வோம், அவர் ஆபீசில் சொல்வார், ஆபீசில் எழுதி வைப்பார்கள். கையில் காசிருந்து நாமே தகரம் மாத்தலாம் என்றாலும் அனுமதி வேண்டும், வீடு நம்முடையது இல்லையே. வெள்ளைக்காரன் கட்டிய லயங்கள் 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் அரசாங்கத்திடம் போயின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது. ஒவ்வொரு கை மாறும்போதும் 'அது அவங்க பொறுப்பு' என்று சொல்ல ஒரு ஆள் கூடியதே தவிர, எங்கள் இஸ்தோப்பு நனைவது நிற்கவில்லை. பொறுப்பு அவர்களுக்கு, உரிமையும் அவர்களுக்கு, ஒழுக்கு மட்டும் நமக்கு.

திறமூலம் இதை அப்படியே புரட்டிப் போட்டது. உரிமை எல்லாருக்கும். பொறுப்பு? 1989இல் வந்த ஜி.பி.எல். உரிமத்தைத் திறந்து பாருங்கள். இதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். இலவசமாகக் கொடுக்கிறவர் வேறென்ன சொல்வார்? நியாயம்தான். ஆனால் எல்லாரும் திருத்தலாம் என்றால் யாரும் திருத்தாமலும் போகலாம்.

நம் நாட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். யார் எந்த முகாமில், யாரைக் காணவில்லை, எந்த அமைப்பு எங்கே என்ன கொடுக்கிறது என்று பார்க்க ஒழுங்கான முறை இல்லை. லங்கா சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷன் ஒருங்கிணைக்க, கொழும்பு ஐ.டி. கம்பெனிக்காரரும் பல்கலைக்கழகத்தாரும் தூக்கமில்லாமல் எழுதியதுதான் 'சஹானா'. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். அவசரத்தில் எழுதியது, அந்த அவசரத்துக்கு மட்டும் பொருந்தியது. லீவு முடிந்ததும் தொண்டர்கள் வேலைக்குத் திரும்பத்தானே வேண்டும்? சுவீடனின் சீடா நிறுவனம் பணம் கொடுத்த பிறகுதான் அதைப் புதிதாகத் திரும்ப எழுத முடிந்தது. 2005 பாகிஸ்தான் பூகம்பத்தில் அது பயன்பட்டது, பிறகு பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என்று போனது. 2009இல் அதைப் பராமரிக்க அமெரிக்காவில் தனி அறக்கட்டளையே பதிவு செய்தார்கள்.

2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மலை சரிந்தபோது காணாமற்போனவர்கள் எத்தனை பேர் என்று நாளுக்கொரு கணக்கு வந்தது எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. பட்டியல் என்பது சின்ன விஷயமில்லை. அதை வைத்திருக்கிற மென்பொருளில் ஒரு பிழை வந்தால், திருத்த ஆள் எங்கேயாவது முழித்திருக்க வேண்டும்.

அதே 2014 ஏப்ரலில் உலகம் முழுக்க இந்தக் கேள்வி வெடித்தது. வங்கி, மின்னஞ்சல் என்று பாதி இணையத்துக்குப் பூட்டுப் போட்டிருந்த ஓபன் எஸ்.எஸ்.எல். நிரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை. இரண்டு வருடமாக அது அங்கேயே இருந்தது. திறந்து கிடப்பதால் ஆயிரம் கண் பார்க்கும் என்ற நம்பிக்கை என்னானது? ஆளாளுக்கு அடுத்தவன் பார்ப்பான் என்று இருந்திருக்கிறார்கள். அந்தத் திட்டத்துக்கு வருடத்துக்கு வந்த நன்கொடை ஏறக்குறைய 2,000 டொலர்தான். சம்பவத்துக்குப் பிறகே கூகிள், பேஸ்புக், மைக்ரோசொஃப்ட் எல்லாம் சேர்ந்து நிதி போட்டன. ஆள் செத்த பிறகு வீதி போடுகிற நம்மூர் வழக்கம்.

2024இல் நடந்தது இன்னும் மோசம். எக்ஸ்.இசட். என்ற சுருக்கும் கருவியைக் கிட்டத்தட்டத் தனியாளாகப் பராமரித்தவர் லாஸ்ஸே கொலின். ஏன் தாமதம், ஏன் திருத்தவில்லை என்று முகம் தெரியாதவர்கள் அவரைக் குடைந்தார்கள். இது சம்பளமில்லாமல் ஓய்வு நேரத்தில் செய்கிற வேலை என்று அவர் சொல்லியும் விடவில்லை. 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார், இரண்டு வருடம் நல்லபிள்ளையாக வேலை செய்தார், கடைசியில் உள்ளே கள்ளக்கதவு வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியியலாளர், தன் கணினியில் லொகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டியதால்தான் அது வெளியில் வந்தது. 'சும்மா கொடுத்தவன் கட்டாயம் திருத்த வேண்டும்' என்ற நம் அதட்டலே அங்கே ஆயுதமாகிவிட்டது.

எங்கள் கூட்டத்தில் இதைப் பற்றிச் சண்டையே நடந்தது. நிரலை வெளியிட்டவர்தான் பொறுப்பு என்றார்கள் சிலர். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நிரலை வைத்து யார் சம்பாதிக்கிறார்களோ அவர்கள் திருத்தட்டும், இல்லையென்றால் திருத்துகிறவருக்குச் சம்பளம் கொடுக்கட்டும். கொழுந்து வித்த காசு போகிற இடத்தில்தான் தகரக் காசும் கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த சட்டமும் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான் நிற்கிறது. பொருளாக விற்கிறவர் மேல் பாதுகாப்புப் பொறுப்பு, லாபநோக்கில்லாமல் எழுதிக் கொடுக்கிற தனியாளுக்கு விலக்கு. முக்கியமான கடமைகள் 2027 டிசம்பரில் அமுலுக்கு வரும்.

அப்படியானால் காசும் இல்லாமல் கோடிங்கும் தெரியாமல் பாவிக்கிற நாம்? எங்களில் ஒருத்தி ஒரு எழுத்துருத் திட்டத்துக்கு 'தமிழ் வேலை செய்யல' என்று மட்டும் எழுதினாள். பதில் இல்லை. கோபப்பட்டோம். பிறகு எந்தப் போன், எந்தப் பதிப்பு, எதைத் தட்டினால் எப்படி உடைகிறது என்று படத்தோடு திரும்ப எழுதினாள். மூன்றாம் நாள் ஒருவர் பதில் போட்டிருந்தார். இன்னும் பழைய போன் ஒன்றில் சோதித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். அலுமாரியில் திரை வெடித்துக் கிடந்த போனைத் தேடி எடுத்து சார்ஜ் போட்டோம். முதலில் தட்டிப் பார்த்தது கொட்டகலை.