பாதை யாருக்காக?

நாள்தோறும் வேலைக்குச் செல்ல உகந்தது எது? சைக்கிளா, பஸ்ஸா, சொந்தக் காரா? சமவெளி நகரங்களில் செலவையும் நேரத்தையும் கணக்கிட்டு விடை கூறிவிடலாம். ஏறத்தாழ நாலாயிரம் அடி உயரத்திலுள்ள பண்டாரவளையில் நின்று கேட்கும்போது, அதற்கு முந்திய வினா ஒன்று எழுகின்றது: பாதை யாருக்காகப் போடப்பட்டது?

மலையகத்தின் பிரயாணச் சரித்திரம் கால்நடையில் தொடங்குகின்றது. கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழகத்து ஏழை மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியால் வழியிலேயே மாண்டவர் பலர். அவர்தம் கால்களுக்கு இரங்கி இருப்புப்பாதை வரவில்லை. விளைபொருளைத் துறைமுகத்துக்கு விரைவில் இறக்க வேண்டுமென்று தோட்ட முதலாளிகள் கேட்டார்கள், அதனால் வந்தது. 1867இல் கண்டியை அடைந்த ரயில், 1885இல் நானுஓயாவையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. அதற்குள் கோப்பி நோயால் அழிந்து, தேயிலை அரியணை ஏறியிருந்தது. பதுளைக்குப் பாதை சென்றடைய மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன.

தெமோதரையில் மலையைச் சுற்றி வளைந்து, தன் நிலையத்தின் அடியிலேயே நுழைந்து செல்லும் அப்பாதை மனித அறிவின் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் தொழிலாளிக்கு அது அளித்தது என்ன? வரும்போது தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையே அவனுக்குச் சீட்டு; வழிச்செலவோ அவன் தலையில் கடன். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் அவன் பிள்ளைகளை இந்தியாவுக்கு ஏற்றிச் சென்றதும் அதே ரயில்தான். பிரிந்தோரின் அழுகையைக் கேட்ட மக்கள் அதற்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டனர்.

தோட்டத்துக்குள் வேலைக்குச் செல்ல வண்டி வேண்டியிருக்கவில்லை. பெரட்டுக்களத்துக்குக் கூப்பிடு தூரத்திலேயே லயங்கள் கட்டப்பட்டன. தோட்ட வீதியில் துரையின் காரும் கொழுந்து லொறியும் ஓடின. கூடை சுமந்தவள் குறுக்குப் பாதையில் ஏறினாள். 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் சேவை தேசியமயமாயிற்று. அது பொதுமக்கள் பெற்ற பெரும் பேறு. எனினும் பஸ் நின்றது பெருவீதிச் சந்தியில். சந்திக்கும் லயத்துக்கும் இடையில் கிடந்ததோ தோட்டத்தின் நிலம்.

அந்த இடைவெளியைச் சட்டமும் காத்து நின்றது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாயிருந்தது. வாக்குக் கேட்டு வர வழி உண்டு; வீதி போட வழி இல்லை! 2018இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது.

இன்று லயத்துப் பிள்ளைகள் பண்டாரவளைக் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் வேலைக்குப் போகிறார்கள். சைக்கிளோ, காலையில் மனிதனைச் சுமந்து இறங்கும். மாலையில் மனிதன் அதைத் தள்ளி ஏற வேண்டும். முச்சக்கர வண்டி நாட்கூலியில் பங்கு கேட்கும். பஸ்ஸுக்கோ சந்திவரை நடை. 2022இல் எரிபொருள் அற்றபோது கொழும்பில் கார் வைத்திருந்தோரும் சைக்கிள் தேடினர். நாடே அதைப் புதுமையாகப் பேசியது. பாதையற்றோரின் நடை அதற்கு முன்னும் பேச்சாகவில்லை, பின்னும் ஆகவில்லை.

தேயிலைக்காக மலையைக் குடைந்த நாட்டுக்கு, மனிதருக்காகச் சில மைல் தோட்ட வீதியைச் செப்பனிடுவது அரிதான காரியமா? திருத்திய சட்டம் ஏட்டில் உறங்கலாகாது. லயத்து வாசல்வரை பொதுவீதி வரட்டும். வேலை நேரத்துக்கும் பள்ளி நேரத்துக்கும் அதில் பஸ் வரட்டும். எந்த வண்டி சிறந்தது என்ற வாதத்தை அதன்பின் எல்லோரும் சேர்ந்தே நடத்துவோம்.