எஸ்.ஐ.ஆர் ஃபாரம் வந்திருக்கு சார்!

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

கடந்த நவம்பரில் ஒரு காலை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று ஒரு பெண் குரல் கொடுத்தார். "சார், எஸ்.ஐ.ஆர் ஃபாரம் வந்திருக்கு சார்." எட்டிப் பார்த்தால் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பெண். இப்போது அங்கன்வாடிப் பணியாளர். எங்கள் தெருவுக்கு அவர்தான் வாக்குச்சாவடி நிலை அலுவலர்.

உள்ளே ஊஞ்சலில் இருந்த அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆனால் இது மட்டும் தெளிவாகக் கேட்டுவிட்டது.

"எஸ்.ஐ.ஆரா? எங்கப்பா வேலை பார்த்த எஸ்.ஐ.ஆரா? அதை எடுத்து எத்தனை வருஷம் ஆச்சு! இப்ப எதுக்குடா ஃபாரம்?"

அந்தப் பெண் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவுக்கு வயது 87. பொன்மலை ரயில்வே குடியிருப்பில் பிறந்தவர். அவர் காதில் எஸ்.ஐ.ஆர் என்ற மூன்று எழுத்துக்கு ஒரே பொருள்தான். சவுத் இந்தியன் ரயில்வே.

இளைய தலைமுறைக்காகச் சொல்கிறேன். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற கம்பெனிதான் நாகப்பட்டினத்தில் இருந்து திருச்சிக்கு முதலில் தண்டவாளம் போட்டது. 1860-களின் தொடக்கம் அது. பிறகு 1874-இல் கர்நாட்டிக் ரயில்வேயும் அதனுடன் சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆனது. தலைமையகம் நம் திருச்சி. சென்னையில் ஏறி தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போகும் போட் மெயில் எல்லாம் எஸ்.ஐ.ஆர் கொடிகட்டிப் பறந்த காலத்து வண்டி. விழுப்புரத்தில் இருந்து விருத்தாசலம் வழியாக வரும் கார்டு லைனும், அதில் நம் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனும் அவர்கள் போட்டவைதான். (பழைய பெயர் சீக்கிரம் போகாது. திருச்சி ஜங்ஷனுக்கு ரயில்வே குறியீடு இன்றும் டி.பி.ஜே. டிரிச்சினாப்பொலி ஜங்ஷன்! ஊர்ப் பெயரை மாற்றி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் டிக்கெட்டில் வெள்ளைக்காரன் உச்சரிப்பு உட்கார்ந்திருக்கிறது.)

என் தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, நாகப்பட்டினம் எஸ்.ஐ.ஆர் பட்டறையில் ஃபிட்டர். அவருடைய அண்ணனும் அங்கேதான். 1920-களின் கடைசியில் கம்பெனி அந்தப் பட்டறையைப் பொன்மலைக்கு மாற்றியது. இடம் மாறுவதோடு ஆளையும் குறைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதற்கு வழி, தொழில் தேர்வு. பத்து, பதினைந்து வருடம் சுத்தியல் பிடித்தவனை நிறுத்தி, வேலை தெரியுமா என்று பரீட்சை வைப்பது. தேறாதவன் பெயர் பட்டியலில் இருக்காது.

தொழிலாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 1928 ஜூலையில் எஸ்.ஐ.ஆர் முழுவதும் வேலைநிறுத்தம். தலைமை தாங்கியவர்கள் சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும். சிங்காரவேலருக்கு அப்போது வயது 68. அந்த வயதில் அவருக்குப் பத்தாண்டு சிறைத்தண்டனை விதித்தார்கள். பின்னர் அது குறைக்கப்பட்டது. வேலைநிறுத்தம் அந்த மாதத்துக்குள்ளேயே ஒடுக்கப்பட்டது. பலர் வேலையிழந்தார்கள்.

தாத்தா பெயர் பட்டியலில் இருந்தது. அவர் அண்ணன் பெயர் இல்லை.

தம்பி பொன்மலைக்கு வந்தார். அண்ணன் நாகப்பட்டினத்திலேயே தங்கி, மீன் ஏலம் விடும் இடத்தில் கணக்கு எழுதினார். இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது என்று அம்மா சொல்வார். தாத்தா என்ன தவறு செய்தார்? ஒன்றும் இல்லை. பரீட்சையில் தேறினார், அவ்வளவுதான். ஆனாலும் அண்ணன் வீட்டு நல்லது கெட்டதுக்குக் கூப்பிடவில்லை. பள்ளியில் 37 ஆண்டுகள் தேர்ச்சிப் பட்டியல் எழுதியவன் நான். பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை அம்மா சொன்ன இந்தக் கதையில்தான் முதலில் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு நாளும் அம்மா நினைவில் இருக்கிறது. 1946 செப்டம்பர் 5. அன்று பொன்மலையில் வேலைநிறுத்தத்தில் இருந்த எஸ்.ஐ.ஆர் தொழிலாளர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். பின்னாளில் திருச்சி எம்.பி. ஆன ஆனந்த நம்பியாரும் எம்.கல்யாணசுந்தரமும் அந்தத் தொழிற்சங்கத்தில் இருந்து வந்தவர்கள். அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. "வெடிச்சத்தம்னு நினைச்சு நாங்க வாசலுக்கு ஓடினோம். பாட்டி முடியைப் பிடிச்சு உள்ளே இழுத்துப்போட்டு கதவைச் சாத்தினா. அப்பா மறுநாள்தான் வந்தார்." இன்றும் சங்கத்திடலில் ஆண்டுதோறும் அந்த ஐவருக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். ஆசிரியர் தினத்துக்கு எனக்கு வாழ்த்து வரும் அதே நாளில் அம்மா அவர்களை நினைத்துக்கொள்வார்.

1944-இல் அரசு எஸ்.ஐ.ஆரை எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14 அன்று எஸ்.ஐ.ஆர், எம்.எஸ்.எம், மைசூர் ரயில்வே மூன்றும் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆயின. கம்பெனி போனது. ஆனால் தாத்தா கடைசிவரை "எஸ்.ஐ.ஆர்ல வேலை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் அம்மா மூச்சுவிடாமல் சொல்ல, அந்தப் பெண் ஃபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். போகும்போது "வரேன் சார்" என்றார். அப்போதுதான் தோன்றியது, இந்த மூன்று எழுத்தைச் சேர்த்துப் படித்தால் அது நானே அல்லவா!

ஆங்கிலத்தில் ஒரே சொல். தமிழில் நாம் இரண்டாக்கிவிட்டோம். பட்டம் என்றால் 'சர்', கூப்பிடுவதற்கு 'சார்'. நம் திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சி.வி.ராமன் 1929-இல் 'சர்' ஆனார். அவர் தன் பெயரில் விளங்கும் ஒளிச்சிதறலைக் கண்டறிந்தது 1928 பிப்ரவரியில். அதே ஆண்டு ஜூலையில்தான் எஸ்.ஐ.ஆர் வேலைநிறுத்தம். நான் வகுப்பில் இரண்டையும் தனித்தனிப் பாடமாக நடத்தினேன். ஒரே ஆண்டு என்று ஒருநாளும் சேர்த்துச் சொன்னதில்லை. இப்போது வருத்தமாக இருக்கிறது.

கணிதம் படிக்கும் என் பேரனிடம் இதைச் சொன்னேன். அவன் வேறொரு எஸ்.ஐ.ஆர் வைத்திருந்தான். கொள்ளைநோய் எப்படிப் பரவும் என்று கணக்கிடும் சூத்திரமாம். ஊர் மக்களை மூன்றாகப் பிரிக்க வேண்டும். நோய் வரக்கூடியவர்கள் எஸ். நோய் வந்தவர்கள் ஐ. மூன்றாவது ஆர். 'குணமானவர்கள்' என்று இப்போது சொல்லித்தருகிறார்களாம். ஆனால் 1927-இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் இதை எழுதியபோது அந்த மூன்றாம் வகைக்கு வைத்த சொல் 'நீக்கப்பட்டவர்கள்'. குணமானவரும் செத்தவரும் அதில் ஒன்றாகவே அடக்கம். கணக்குக்கு வித்தியாசம் இல்லை! மெக்கென்ட்ரிக் இந்தியாவில் பணியாற்றிய ராணுவ மருத்துவர். தங்கள் கணக்கு சரியா என்று அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தது பம்பாயில் 1905-06-இல் பிளேக் நோயால் இறந்தவர்களின் எண்ணிக்கையோடு. கோவிட் காலத்தில் தினமும் தொலைக்காட்சியில் காட்டிய வளைகோடுகளுக்குப் பின்னால் நம் நாட்டுப் பிணங்களும் இருந்திருக்கின்றன.

குஜராத்தில் தொலேராவில் இதே மூன்றெழுத்துக்குச் சிறப்பு முதலீட்டு மண்டலம் என்று பொருள். அது நமக்கு வேண்டாம்.

சரி, ஃபாரத்துக்கு வருகிறேன். இது வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிரத் திருத்தம். தமிழ்நாட்டில் நவம்பர் 4 அன்று தொடங்கியது. இருபது ஆண்டுக்கு முந்தைய பட்டியலில் நம் பெயர் எங்கே இருந்தது, தொகுதி எது, பாகம் எண் என்ன, வரிசை எண் என்ன என்று தேடி எழுத வேண்டும். இதன் அரசியலைப் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. எனக்கும் உண்டு. இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அம்மா கலங்கிப்போனார் என்பதை எழுதத்தான் வேண்டும். "பேர் இல்லேன்னா என்னடா பண்ணுவாங்க?" என்று இரண்டு நாளில் பத்துமுறை கேட்டார். "ஒண்ணும் பண்ண மாட்டாங்கம்மா, திரும்ப சேர்த்துக்கலாம்" என்றேன். அவர் நம்பவில்லை. பெரியப்பாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது நாங்கள் பொன்மலைப் பக்கம் குடியிருந்தோம். எந்தப் பாகம் என்று தெரியவில்லை. பேரன் செல்பேசியில் பக்கம் பக்கமாகத் தள்ளினான். இரண்டாம் நாள் மாலைதான் கிடைத்தது. அம்மா பெயர். அதற்கு மேல் வரியில் அப்பா பெயர், வயதுடன். அப்பா போய்ப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபாரத்தில் தந்தை பெயர் என்று ஒரு கட்டம். கல்யாணம் ஆன நாளில் இருந்து எந்தக் காகிதத்திலும் அம்மா பெயரோடு வருவது கணவர் பெயர்தான். தாத்தா பெயரை நான் எழுதியபோது, "பக்கத்துல ஃபிட்டர், எஸ்.ஐ.ஆர்னு போடுடா" என்றார். கட்டத்தில் இடம் இல்லை என்றேன். "சின்னதா போடு." போடவில்லை. போட்டால் ஃபாரத்தைத் திருப்பிவிடுவார்கள் என்று பயம். உத்தியோகம் பார்த்த புத்தி.

டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தது. மாநிலம் முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீக்கம். இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் என்று காரணங்கள். அம்மா பெயர் இருந்தது. படித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார்.

பிறகு பீரோவைத் திறக்கச் சொன்னார். பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு துணி முடிச்சு. அதற்குள் தாத்தாவின் பித்தளை டோக்கன் வில்லை. காலையில் பட்டறை வாசலில் எடுத்துக்கொண்டு போய் மாலையில் திருப்பித்தர வேண்டியது. கடைசி நாள் அதைத் தராமல் கொண்டுவந்துவிட்டாராம். எண் பாதி தேய்ந்துவிட்டது. எஸ், ஐ, ஆர் மூன்று எழுத்தும் நன்றாகத் தெரிகின்றன.

நாகப்பட்டினம் பெரிய தாத்தா வழியில் யாராவது இதைப் படித்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அம்மா பேச வேண்டும் என்கிறார்.