பாம்புக்குப் பெயர் வைத்த வியாபாரிகள்

பனானா, பேஸ்டல், மொஹாவே, பம்பிள்பீ... ஐஸ்கிரீம் பார்லர் பட்டியல் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். அத்தனையும் பாம்பின் பெயர்கள்! அதுவும் ஒரே இனத்துப் பாம்பு.

கானா, டோகோ, பெனின் என மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் வாழும் சின்ன மலைப்பாம்பு அது. பயந்தால் தலையை நடுவில் மறைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும். அதனால் அமெரிக்காவில் 'பால் பைத்தான்'. பிரிட்டனிலோ 'ராயல் பைத்தான்'. பொதுப் பெயரிலேயே ஒற்றுமை இல்லை பாருங்கள்!

வளர்ப்புக்காக ஏற்றுமதியான பாம்புகளில் எப்போதாவது ஒன்று நிறம் மாறி இருக்கும். அந்த நிறம் அடுத்த தலைமுறைக்கும் இறங்குகிறது என்று முட்டை பொரிய வைத்துக் காட்டினால்தான் மதிப்பு. 1992ல் பாப் கிளார்க் அல்பினோவை இப்படி நிரூபித்தார். 1997ல் பீட்டர் கால் பைபால்டை. இவை இரண்டும் ஏற்கெனவே இருந்த சொற்கள். அதன் பிறகு அகராதியை மூடி வைத்துவிட்டார்கள். யார் முதலில் நிரூபிக்கிறாரோ அவர் வைத்ததே பெயர், அவ்வளவுதான் சட்டம். ஆர்க்கிட் கலப்பினப் பெயர்களைப் பதிவு செய்ய லண்டனில் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி இருக்கிறது. பாம்புக்கு அப்படி ஒரு அலுவலகம் கிடையாது. விளைவு? ஒரே நிறத்தை ஒருவர் 'பனானா' என்றார், இன்னொருவர் 'கோரல் க்ளோ' என்றார். இரண்டுமே நிலைத்துவிட்டன!

இதில் கணக்கும் உண்டு. அல்பினோ மரபணுவை மறைவாகச் சுமக்கும் இரண்டு பாம்புகளை இணைத்தால், பார்க்கச் சாதாரணமாக இருக்கும் குட்டிகளில் மூன்றுக்கு இரண்டு அதைச் சுமக்க வாய்ப்பு. அவற்றை '66% ஹெட்' என்று விற்பார்கள். நிகழ்தகவுக்கே விலைச்சீட்டு!

இதுவரை வேடிக்கை. இனிதான் வருத்தம். 1999ல் கெவின் மெக்கர்லி 'ஸ்பைடர்' என்ற வகையை நிரூபித்தார். சிலந்தி வலை போன்ற மெல்லிய கருங்கோடுகள், கொள்ளை அழகு. ஆனால் அந்த மரபணுவோடு தலை ஆட்டமும் சேர்ந்தே வருகிறது. சில பாம்புகளால் நேராக இரையைக் கவ்வக்கூட முடியாது. வியாபாரிகள் இதற்கு வைத்த செல்லப்பெயர் 'வாபிள்'. உட்காதின் சமநிலை உறுப்பே கோணலாக உருவாகியிருப்பதை 2022ல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. பிரிட்டனின் இன்டர்நேஷனல் ஹெர்பெட்டாலஜிக்கல் சொசைட்டி, 2018 முதல் தன் கண்காட்சிகளில் ஸ்பைடர் விற்பனையைத் தடை செய்தது.

சரி, ஸ்பைடரை வாங்காமல் விட்டால் போதாதா? அங்கேதான் சிக்கல். ஸ்பைடரும் பேஸ்டலும் சேர்ந்தால் 'பம்பிள்பீ'. பேஸ்டல் இரட்டிப்பானால் 'கில்லர்பீ'. தேனீ பெயரை நம்பிக் காசு கொடுப்பவருக்கு உள்ளே இருக்கும் சிலந்தி தெரிவதில்லை.