தொடுதிரைகளில் பல்தொடு உணர்வு

ஒரே நேரத்தில் திரையில் படும் பல விரல்களைத் தனித்தனியே பிரித்தறியும் திறன் பல்தொடு உணர்வு எனப்படும். கைபேசியில் படத்தை இரு விரலால் விரித்துப் பெரிதாக்குவது எல்லோரும் அறிந்த பயன். 1982இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் நிமிஷ் மேத்தா இதற்கான முதல் கருவிகளில் ஒன்றை உருவாக்கினார். 2007இல் வந்த ஐபோன் இதைப் பரவலாக்கியது. எத்தனை விரல்களை ஒரு திரை அறியும் என்பதை அது தொடுகையை அளக்கும் முறையே தீர்மானிக்கிறது.

மின்தடைத் திரையில் மேலே வளையும் பிளாஸ்டிக் ஏடும் கீழே கண்ணாடியும் இருக்கும். இரண்டின் உட்புறமும் மின்கடத்தியான இன்டியம் டின் ஆக்சைடு பூசியிருக்கும். அழுத்தும்போது இரண்டும் ஒட்டுகின்றன. அவ்விடத்து மின்னழுத்தம் இருப்பிடத்தைக் காட்டுகிறது. நான்கு கம்பி வகையில் ஓர் அச்சுக்கு ஓர் அளவுதான் கிடைக்கும். ஆகவே இரு விரல் அழுத்தினால், இரண்டுக்கும் இடையே எங்கோ ஒரே புள்ளி பதிவாகும். பூச்சைப் பட்டைகளாகப் பிரித்தால் பல விரல்களை அறியலாம். அந்த வகை அதிகம் பரவவில்லை.

மின்தேக்கத் திரையில் கண்ணாடிக்கு அடியில் கிடைக்கோடுகளும் நெடுக்கோடுகளுமாக மின்கடத்தி வலை ஓடுகிறது. விரல் நெருங்கினால் அவ்விடத்தின் மின்தேக்குத்திறன் மாறும். இதை அளக்க இரண்டு வழிகள் உண்டு. கோடு கோடாக அளப்பது தன்மின்தேக்க முறை. இதில் இரு விரல் பட்டால் இரு கிடைக்கோடும் இரு நெடுக்கோடும் மாற்றம் காட்டும். அவை சந்திக்கும் 4 புள்ளிகளில் 2 பொய்யானவை. எவை மெய் என்று திரையால் சொல்ல முடியாது. ஒரு கோட்டில் மின்துடிப்பு செலுத்தி மற்றதில் வாங்கி, சந்திப்பு ஒவ்வொன்றையும் தனியே அளப்பது பரிமாற்று முறை. 20 கிடைக்கோடும் 12 நெடுக்கோடும் உள்ள திரையில் முதல் முறைக்கு 32 அளவுகள் போதும். பரிமாற்று முறைக்கு 240 வேண்டும். அந்தக் கூடுதல் உழைப்புக்குப் பலனாகப் பத்து விரல்களும் குழப்பமின்றிப் பிரிகின்றன.

மின்தடையிலிருந்து மின்தேக்கத்துக்கு நகர்ந்த மாற்றத்தை இந்திய மாணவர்களுக்கான ஆகாஷ் பலகைக் கணினியில் ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் காணலாம். 2011 அக்டோபரில் வெளியான முதல் ஆகாஷில் மின்தடைத் திரை. 2012 நவம்பரில் வந்த ஆகாஷ் 2இல் மின்தேக்கத் திரை. மலிவு விலைக் கருவியிலும் மாணவர் விரலுக்கு இணங்கும் திரை வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

வகுப்பறைகளின் பெரிய திரைகளில் அகச்சிவப்பு முறை அதிகம். சட்டத்தின் ஓரங்களில் கதிர் உமிழிகளும் உணரிகளும் எதிரெதிரே நிற்கும். விரல் கதிரை மறிக்கும். இங்கும் பொய்ப்புள்ளிச் சிக்கல் உண்டு. சாய்வான கதிர்களும் செலுத்தி அதைக் களைகிறார்கள். கண்ணாடிப் பரப்பில் மீயொலி அலை ஓடும் வகை பெரும்பாலும் ஒரு தொடுகைக்கே ஏற்றது.

திரையைத் தேர்ந்தெடுப்பதில் வேலையிடத்தின் சூழலும் முக்கியம். எடுத்துக்காட்டாக, சென்னைக்கு அருகே வள்ளூரில் தலா 500 மெகாவாட் திறனுள்ள 3 அலகுகளைக் கொண்ட அனல்மின் நிலையம் இருக்கிறது. அருகில் எண்ணூர் காமராசர் துறைமுகம். நிலக்கரித் தூசியும் உப்புக்காற்றும் கையுறையும் சேர்ந்த இத்தகைய வேலையிடத்தில் விரல் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் திரை வாங்கக் கூடாது. தடித்த கையுறை மின்தேக்க மாற்றத்தைக் குறைத்துவிடும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் பொய்த்தொடுகை எழலாம். தன்மின்தேக்க அளவையும் பரிமாற்று அளவையும் ஒப்பிட்டு நீரை விரலிலிருந்து பிரிக்கும் கட்டுப்பாட்டுச் சில்லுகள் இப்போது உள்ளன. அகச்சிவப்புச் சட்டத்தில் தூசி படிந்தால் கதிரே மறைந்துவிடும். மின்தடைத் திரைக்கு அழுத்தம் போதும்; கையுறை தடையில்லை. ஒரே பொத்தானை உறுதியாக அழுத்த வேண்டிய இடத்தில் அதுவே தகுந்தது. பல்தொடு உணர்வுக்கும் தொழிற்சாலையில் ஒரு நல்ல பயன் இருக்கிறது: இரு கைகளாலும் ஒருசேரத் தொட்டாலன்றி இயந்திரம் இயங்காதபடி அமைக்கலாம். அவசர நிறுத்தத்தை மட்டும் எந்தத் திரையிடமும் ஒப்படைக்காமல், தனியான சிவப்புப் பொத்தானாகவே வைக்க வேண்டும்.