கொழிஞ்சாம்பாறை ஒண்ணா, ரெண்டா? டெர்மினலில் தமிழ்ப் பட்டியலை வரிசைப்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை

பாலக்காட்டின் சித்தூர் பக்கமும் இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு மலைகளிலும் தமிழ் பேசுவோர் நிறைய. அவர்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுத 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. ஆக, இந்த எல்லைப் பகுதி ஊர்ப் பெயர்களை ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் சேர்த்தால் சில வரி தமிழில், சில வரி மலையாளத்தில் இருக்க வாய்ப்பு உண்டு.

அந்த ஃபைலை யூனிக்ஸின் ‘சார்ட்’ கட்டளையிடம் கொடுத்தால் என்ன ஆகும்?

கணினியின் மொழி அமைப்பு, அதாவது லோக்கேல், ‘சி’ என்று இருந்தால் சார்ட்டுக்கு அகராதியெல்லாம் தெரியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோட் தந்த எண்ணை மட்டும் பார்க்கும். தமிழுக்கான எண்கள் முன்னால், மலையாளம் பின்னால். அதனால் தமிழில் எழுதிய மூணாறு மேலேயும், மலையாளத்தில் எழுதிய மூணாறு எங்கோ கீழேயும் போய் உட்காரும்.

தமிழுக்குள்ளேயும் குழப்பம் இருக்கு. யூனிகோடில் ‘ர’வுக்கு அடுத்த எண் ‘ற’, அதற்கப்புறம்தான் ‘ல’. எனவே மறையூர் முதலில் வரும், மலம்புழா பின்னால் வரும். நம்ம அகராதியில் இது தலைகீழ். புள்ளிக்கான எண்ணும் ரொம்பப் பின்னால் இருப்பதால் ‘மணல்’ முந்திக்கொள்ளும், ‘மண்’ காத்திருக்கும். தமிழ் லோக்கேலை நிறுவி, அதை வைத்து சார்ட் செய்தால் ற, ல சிக்கல் தீரும். புள்ளி விஷயத்தில் நம்பிவிடாதீங்க. இந்த நாலு சொற்களையும் ஒரு ஃபைலில் போட்டுச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

வரிசை பிசகினால் கண்ணில் பட்டுவிடும். எண்ணிக்கை பிசகினால்?

ஒரே வரி திரும்ப வந்தால் நீக்குவது ‘யூனிக்’ கட்டளை. ஆனால் அடுத்தடுத்து இருக்கும் வரிகளை மட்டுமே அது ஒப்பிடும். அதனால் முதலில் சார்ட், பிறகு யூனிக்.

அப்படியும் ‘கொழிஞ்சாம்பாறை’ இரண்டு முறை நிற்கலாம்! காரணம் முதல் எழுத்து. ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் பதியலாம். திரையில் ரெண்டும் ஒண்ணுதான். யூனிக்குக்கு அவை இரண்டு ஊர். கோவிந்தாபுரத்துக்கும் இதே கதைதான். ஊராட்சிவாரியாக மனுக்களை எண்ணினால், ஒரு ஊரின் கணக்கு இரண்டாகப் பிளந்து, இரண்டு இடத்திலும் சின்னதாகத் தெரியும்.

‘யூகான்வ்’ என்ற கருவியால் எல்லா வரியையும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு சார்ட், யூனிக் ஓட்டினால் இது சரியாகும். மலையாள மூணாறை மட்டும் நீங்களே கையால் இணைக்கணும்.

இன்னொன்று: சார்ட்டின் விடையை அதே ஃபைலுக்குள் அம்புக்குறி போட்டு அனுப்பாதீங்க. சார்ட் படிக்கத் தொடங்கும் முன்பே ஷெல் அந்த ஃபைலைக் காலி செய்துவிடும். அதற்கென்றே ‘மைனஸ் ஓ’ இருக்கிறது.