பரலும் மண்பொறியும்: சிலப்பதிகாரத்தில் திறக்கப்படாதவை

சென்னைக் கடற்கரையில் நிற்கும் கண்ணகி சிலை 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்டது. அதன் கையில் சிலம்பு இருக்கிறது. மேடைப் பேச்சிலும் பாடநூலிலும் அந்தச் சிலம்பைக் கற்பின் அடையாளமாகவே படித்துப் பழகிவிட்டோம். இந்தப் பழக்கத்தில் ஒரு சிறு செய்தி நழுவிவிடுகிறது. வழக்குரை காதையில் உடைவது கண்ணகி ஏந்தி வந்த சிலம்பு அன்று. அவள் கணவன் கோவலன் விற்கக் கொண்டுபோய், அவன் கள்வனென்று வெட்டுண்டபின் பாண்டிய அரசன் வசம் சேர்ந்த மற்றொன்று அது. அரசன் அதைத் தருவித்து முன்னே வைக்கிறான், அவள் உடைக்கிறாள். வழக்கைத் தீர்த்தது உடைந்த சிலம்பு. சிலை ஏந்தியிருப்பது உடையாத அதன் இணை.

சிலம்பு இக்காப்பியத்தில் கற்பைக் குறிப்பதற்கு முன்பே வேறொன்றைக் குறிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். சிலம்பின் ஓசை உள்ளே கிடக்கும் பரலால் எழுவது. அதைக் கேட்கலாம், பார்க்க முடியாது. கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் கைக்கு வரும் சிலம்பைக் காப்பியம் 'குடைச்சூல்' என்ற சொல்லால் சுட்டுகிறது. உட்குடைவான வேலைப்பாடு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஆனால் குடைவும் சூலும் ஒட்டி நிற்கும் அச்சொல்லை வெறும் தட்டார் வழக்காகக் கடந்துபோக எனக்கு மனமில்லை. அந்த இடத்தில் மேலே பதித்த மணியும் வயிரமும் செய்நேர்த்தியும் சொல்லப்படுகின்றன. உள்ளே கிடக்கும் பரல் எது என்று மட்டும் சொல்லப்படவில்லை, கொல்லனும் கேட்கவில்லை. அதைக் காப்பிய ஆசிரியர் இளங்கோ நான்கு காதைகள் தள்ளி, அரசவைக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்.

உள்ளிருப்பதைப் பாராமல் வெளியே கேட்ட ஓசையை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் குற்றம் மதுரையில் தொடங்கவில்லை. அது புகாரில், கானல்வரியில் தொடங்குகிறது. இந்திர விழா முடிந்து கடலாடச் சென்ற இடத்தில் கோவலன் யாழை வாங்கி முதலில் பாடுகிறான். அவன் மனம் வேறெங்கோ போயிற்று என்று எண்ணிய மாதவி, அவனோடு வாழ்ந்த ஆடல் மகள், தானும் வேறொருவன்மேல் நினைவுள்ளவள்போலப் பாடுகிறாள். அவளுடையது பாவனை. அதை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு கோவலன் எழுந்து போய்விடுகிறான்.

அவள் அன்றே மடல் எழுதுகிறாள். வேனிற்காதை அந்த மடலைக் கையில் எடுத்துக் காட்டுவதுபோல் விவரிக்கிறது: தாழையின் வெண்தோடு ஏடு, பித்திகையின் அரும்பு எழுத்தாணி, செம்பஞ்சுக் குழம்பு மை. தோழி வசந்தமாலை அதை எடுத்துச் சென்று நீட்டுகிறாள். கோவலன் வாங்க மறுக்கிறான். மாதவி தன்னிடம் காட்டிய அன்பையெல்லாம் எட்டு வகை வரிக்கூத்தாகப் பெயரிட்டு அடுக்குகிறான். ஆடல் மகளுக்கு இவை இயல்புதானே என்கிறான். ஒரு பெண்ணின் வாழ்க்கையை அவள் தொழிலின் கலைச்சொற்களாலேயே தள்ளுபடி செய்யும் இந்த இடத்துக்கு நிகரான கொடுமை, கொலையை விட்டுப் பார்த்தால், இக்காப்பியத்தில் வேறு இல்லை என்பேன்.

இரண்டாவது மடலைப் புறஞ்சேரி இறுத்த காதையில் கௌசிகன் என்னும் அந்தணன் கொண்டுவருகிறான். இது இலச்சினையிட்டு மூடிய ஏடு. மாதவி தன் கூந்தலைப் பதித்து இட்ட மண்பொறி அதன்மேல் இருக்கிறது. உடன் வாழ்ந்த நாளில் அவள் பூசிய நெய்யின் மணம் அந்தப் பொறியிலிருந்து எழுகிறது. அதனால்தான் கோவலன் ஏட்டைக் கைவிட மனமின்றி விரிக்கிறான். படித்தபின் அவளிடம் குற்றமில்லை, குற்றம் தன்னுடையதே என்று தெளிகிறான். மறுத்துப் போன மடலும் பிரித்துப் படித்த மடலும் ஒருத்தி எழுதியவை. இடையில் மாறியது ஒன்றுதான்: இம்முறை அவன் திறந்து பார்த்தான். மதுரைக்கு வெளியே, காலம் கடந்து.

அரண்மனையில் நடப்பது இதே காட்சியின் மறுபதிப்பு. ஆடல் மகளிரின் கூத்திலும் பாட்டிலும் அரசன் உள்ளம் போயிற்று என்று ஊடிய கோப்பெருந்தேவி, ஊடலை உள்ளே மறைத்துத் தலைநோயைச் சாக்காகச் சொல்லி அகல்கிறாள். புகாரில் பாட்டு, ஊடல், ஆராயாத முடிவு. இங்கும் அதே வரிசை. தேவியைத் தேடிப்போகும் வழியில்தான், அவள் சிலம்பைத் திருடியவன் கோவலன் என்ற கொல்லனின் சொல் அரசன் காதில் விழுகிறது. தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசனுக்குத் தெரியும். அவைக்கு வந்த கண்ணகி, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றவுடன் அவனே அதைச் சொல்கிறான். அறிய வேண்டியது அவனிடமே இருந்தது. பரல் எது என்ற ஒரு கேள்வி முதல்நாளே எழுந்திருந்தால் போதும்.

இந்த வாசிப்புக்குப் பொருந்தாத இடங்களும் உண்டு. கொல்ல வந்த காவலருள் சிலர் கோவலனின் தோற்றத்தைப் பார்த்தே இவன் கள்வனாயிருக்க மாட்டான் என்கிறார்கள். அங்கே வெளித்தோற்றம் உண்மை பேசுகிறது. கொல்லனின் நாவன்மை அதை வென்றுவிடுகிறது. கண்ணகியும் பிறர் உள்ளத்தைத் தப்பாமல் படிப்பவள் இல்லை. வறுமைக்கு நாணி வந்து நிற்கும் கணவனிடம், மாதவிக்குக் கொடுக்கப் பொருளில்லாமல் வாடுகிறான் என்று எண்ணி, முகம் மலர்ந்து சிலம்பை எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள் என்பதே உரைவழிப் பொருள். அந்திமாலையில் அவள் அடியை விட்டு நீங்கிய சிலம்பு, ஒரு தவறான ஊகத்தின் பேரில் மறுபடி வெளியே வருகிறது. இன்னொரு வசதிக்கேடும் உண்டு: அடியார்க்கு நல்லார் உரை கானல்வரிக்கும் கிடைக்கவில்லை, வழக்குரை காதைக்கும் கிடைக்கவில்லை. என் வாதத்தின் இரு தூண்களும் அந்தப் பேருரையின் நிழல் படாத இடத்தில் நிற்கின்றன.

கற்பை நான் விலக்கவில்லை. மதுரையை எரித்த தீ கண்ணகியின் கற்பால் ஏவப்பட்டது என்று காப்பியம் ஐயத்துக்கிடமின்றிச் சொல்கிறது. ஆனால் அவையில் வென்றது கற்பு அன்று, சான்று. அரசன் வீழ்ந்தது உடைந்த சிலம்பிலிருந்து தெறித்த மணியைக் கண்டபோது. தீ எழுந்தது அதற்குப் பிறகு, அவள் இடமுலையைத் திருகி எறிந்தபோது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பதால்தான் வழக்காடிய கண்ணகி மறைந்து எரித்த கண்ணகி மட்டும் நம் நினைவில் நிற்கிறாள்.

இளங்கோ இதை உணர்ந்தே அமைத்தார் என்பதற்குக் கட்டுரை காதையில் நகரத் தெய்வமான மதுராபதி சொல்லும் வார்த்திகன் கதையைச் சான்றாக வைக்கலாம். அவன் மகன் தக்கிணன், பரிசாகப் பெற்ற அணிகலன்களை அணிந்திருந்தான். அரசனின் ஆட்கள் அதைப் புதையல் திருட்டு என்று கொண்டு தந்தையைச் சிறையிட்டார்கள். மனைவி கார்த்திகை மண்ணில் புரண்டு அழுதாள். ஐயை கோயிலின் கதவு திறக்கவில்லை. பாண்டியன் காரணம் கேட்டறிந்து வார்த்திகனை விடுவித்து நிலமும் கொடுத்தபின், கதவு மதுரைத் தெருவெல்லாம் கேட்கும்படி திறந்தது. அணிகலன், பொய்ப்பழி, அழும் மனைவி, மூடிய கதவு. இந்த அரசு ஒருமுறை கேட்டுத் திறக்கத் தெரிந்த அரசுதான் என்பதைத் தீப்பட்ட நகரத்தின் தெய்வமே சொல்வதில், அரசனுக்கான பரிவோடு ஒரு குற்றச்சாட்டும் கேட்கிறது.

கண்ணகிக்கு அரசவை கிடைத்தது. வஞ்சியில் சேர அரசன் செங்குட்டுவன் கண்ட தெய்வக் காட்சியில் பொற்சிலம்பும் உண்டு. காப்பியத்தில் மாதவிக்கு அரசவையும் இல்லை, சிலையும் இல்லை. அவள் வழக்கு ஒரே ஒருவன் படித்த ஓலையோடு முடிந்தது. நீர்ப்படைக் காதையில் மாடலன் என்னும் அந்தணன் செங்குட்டுவனிடம் அவளைப் பற்றிச் சொல்கிறான்: கோவலன் இறந்த செய்தி கேட்டு, பூமாலையோடு கூந்தலையும் களைந்து துறவு பூண்டாள். ஓலையின் மண்பொறியில் பதிந்திருந்தது அந்தக் கூந்தல்.