கீரைப் பாட்டி ஊரில் கேல்

இந்த எபிசோட் ஒரு நேயர் கேட்ட கேள்வியிலிருந்து வருது. "அண்ணா, இப்பல்லாம் நம்ம திருவண்ணாமலையிலேயே கேல் கீரை கண்ணுல படுது. அதை வீட்ல எப்படிச் சமைக்கிறது? அதுக்கு ஏதாவது வரலாறு இருக்கா?" இரண்டு கேள்வி. முதலாவதுக்குச் சட்டுன்னு பதில் சொல்லிடறேன். இரண்டாவதுதான் என்னை இழுத்துக்கிட்டுப் போச்சு.

கேல் என்பது தலை கட்டாத முட்டைகோஸ். முட்டைகோஸ், காலிஃபிளவர், நூக்கல், கேல் நாலும் தாவரவியல்படி ஒரே இனம். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குளிர்ச்சியான இடங்கள்ல நல்லா வருது. தமிழில் பரட்டைக்கீரைன்னு ஒரு பேரும் வெச்சிருக்காங்க. பொருத்தமான பேருதான், இலையோட ஓரத்தைப் பார்த்தா தெரியும். நடு நரம்பு தடியா இருக்கும். இலையை ரெண்டா மடிச்சு அதை உருவிடுங்க. மீதியைப் பொடியா நறுக்கி, கடுகு, உளுந்து, வரமிளகாய், வெங்காயம் தாளிச்சு, உப்பு போட்டு, தண்ணி தெளிச்சு வதக்கி, கடைசியில தேங்காய்த் துருவல். முருங்கைக்கீரைப் பொரியல் செய்யத் தெரிஞ்சவங்களுக்குப் புதுசா எதுவும் இல்ல. அரைக்கீரையை விட வேக நேரம் ஆகும், அவ்ளோதான். பாசிப்பருப்பு போட்டுக் கூட்டும் வைக்கலாம். பச்சையா சாப்பிடணும்னா உப்பும் எலுமிச்சையும் போட்டுக் கையால நல்லாப் பிசைஞ்சுடுங்க, முரட்டுத்தனம் குறையும். ஸ்மூத்தி போடறவங்களை நான் தடுக்கல.

இன்னொரு வழி காஷ்மீரில் இருக்கு. அங்கே "ஹாக்" என்று இதே இனத்துக் கீரை தினப்படி சாப்பாடு. கடுகெண்ணெய், வரமிளகாய், பெருங்காயம், நிறையத் தண்ணீர். பாத்திரத்தை மூடாமல் வேகவைப்பார்கள், பச்சை நிறம் போகாமல் இருக்க. ரசம் மாதிரி சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவது. நம்ம ஊர் நாக்குக்கு சாலட்டை விட இதுதான் ஒத்துவரும்னு நினைக்கிறேன்.

சரி, வரலாறு.

இன்று கஃபே மெனுவில் "சூப்பர்ஃபுட்" என்று உட்கார்ந்திருக்கும் இந்த இலை, ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் ஏழைகளின் சாப்பாடு. ஸ்காட்லாந்தில் வீட்டுத் தோட்டத்துக்கே "கேல்யார்டு" என்றுதான் பெயர். "கேல்" என்ற சொல்லே அங்கே சாப்பாடு என்ற பொருளில் புழங்கியது, நாம் "சோறு சாப்டாச்சா" என்று கேட்பது போல. பனியிலும் சாகாத செடி, அதனால் வேறெதுவும் விளையாத மாதங்களில் வயிற்றைக் காத்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசு வீட்டுக்கு வீடு காய்கறி போடச் சொன்னபோது கேலும் அந்தப் பட்டியலில் இருந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது கென்யா கதை. அங்கே கேல் வகைக் கீரைக்கு "சுகுமா விகி" என்று பெயர். சுவாஹிலியில் "வாரத்தைத் தள்ளு" என்று அர்த்தம். கையில் காசு இல்லாத நாட்களில் வாரக் கடைசி வரை வண்டியை ஓட்டும் கீரை. ஆனால் அது அங்கே வந்தேறி. காலனி காலத்தில் வந்த கோஸ் வகைகள் பரவ, மண்ணின் கீரைகள் பின்னுக்குப் போயின. அவற்றைச் சாப்பிடுவது பட்டிக்காட்டுத்தனம், ஏழ்மையின் அடையாளம் என்றாகிவிட்டது. எந்தக் கீரைகள் தெரியுமா? மனாகு, அது நம்ம மணத்தக்காளிக்கு ரொம்ப நெருங்கிய சொந்தம். தெரேரே, தண்டுக்கீரைக் குடும்பம். சாகா, நம்ம ஊர்ல குப்பைமேட்டில் தானா முளைக்கிற நல்வேளை. மேரி அபுகுட்சா-ஒன்யாங்கோ என்ற தோட்டக்கலைப் பேராசிரியர் பல ஆண்டுகள் இந்தக் கீரைகளின் சத்தை அளந்து, விதை சேகரித்து, எழுதி, பேசி அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தார். இன்று நைரோபி சூப்பர் மார்க்கெட்டில் அவையும் விற்பனைக்கு இருக்கின்றன.

அந்த வேளைக்கீரை நம் இலக்கியத்தில் ஒரு முக்கியமான இடத்தில் வருகிறது. சிறுபாணாற்றுப்படை. நல்லூர் நத்தத்தனார், ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. ஓய்மா நாடு என்றால் திண்டிவனம் பக்கம், நம்ம ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். அதில் ஒரு பாணன் வீட்டு அடுக்களை. கூரை இற்று விழுந்திருக்கிறது. கரையான் பிடித்த சுவர். குட்டி போட்ட நாய், மடியில் பால் இல்லாமல், குட்டிகள் முட்டுவதைத் தாங்க முடியாமல் குரைக்கிறது. அந்த வீட்டுப் பெண் பசியில் மெலிந்தவள். குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, சுற்றத்தோடு பகிர்ந்து தின்கிறாள். தின்பதற்கு முன்னால் கதவைச் சாத்துகிறாள், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று.

அந்தக் கதவுதான் என்னைப் பிடிச்சு நிறுத்துச்சு. பசியைப் பாடிய கவிதைகள் நிறைய. கீரை தின்பதை வெளியே தெரியாமல் மறைப்பதைக் கவனித்து எழுதியவர் நத்தத்தனார். கீரை சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இருக்கும்வரை கௌரவம். சோறே இல்லாமல் கீரை மட்டும் என்றால் வெட்கம்.

1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் இந்த விஷயம் அரசாங்கக் கணக்காகவே வந்தது. 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலை செய்பவர்களுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே கொஞ்சம் சில்லறை, போதும் என்று கூலி நிர்ணயித்தார். சென்னை மாகாண சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். அந்த அளவு தானியத்தில் உழைக்கும் உடம்பு தாங்காது, பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் வாதம். சில மாதங்களில் அந்தக் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனை பேர் கதவைச் சாத்தக்கூடக் கதவில்லாமல் இலை தழையைத் தின்றார்களோ.

இலையில் அப்படி என்ன இருக்கு என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சாட்சி உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த லட்சுமி ரஹ்மதுல்லாவும் சக ஆய்வாளர்களும் திருச்சி மாவட்டத்தில் பள்ளி வயதை எட்டாத 15,419 குழந்தைகளை ஓராண்டு கவனித்தார்கள். ஒரு பாதிக்கு வாரம் ஒருமுறை சிறு அளவு வைட்டமின் ஏ, சாப்பாட்டிலேயே கிடைத்திருக்க வேண்டிய அளவுதான். 1990இல் முடிவு வெளியானது. வைட்டமின் பெற்ற குழந்தைகளில் இறப்பு 54 சதவீதம் குறைவு. மாலைக்கண் வரும்னு மட்டும்தானே நமக்குத் தெரியும். அது உயிரையே எடுக்கிற குறைபாடு. கவனிங்க, அவங்க கொடுத்தது சொட்டு மருந்து, கீரை இல்ல. கீரையில் இருப்பது கரோட்டின். உடம்பு அதில் ஒரு பகுதியைத்தான் வைட்டமின் ஏ ஆக மாற்றும், அதுக்கும் கொஞ்சம் எண்ணெய் வேணும். பொரியலுக்கு எண்ணெய் ஊத்தித் தாளிக்கிற பழக்கத்தைக் குறை சொல்றவங்க இதை மனசுல வெச்சுக்கலாம்.

இப்ப நம்ம மலைக்கு வர்றேன். கீரையாலேயே வரலாற்றில் இடம்பிடித்த ஒருத்தர் இந்த ஊரில் இருந்தார்.

1896 செப்டம்பர் 1 அன்று வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் திருவண்ணாமலைக்கு வந்து இறங்கினான். பிற்பாடு ரமண மகரிஷி. அவர் மலைப் பக்கம் போனபோது குகை நமசிவாயர் கோயிலில் ஏற்கெனவே ஒரு கிழவி குடியிருந்தார். விடியுமுன் எழுந்து மலையில் சுற்றி, சுள்ளி, வறட்டி, மடி நிறையக் கீரை என்று கொண்டுவருவார். இருந்தது ஒரே மண்பானை. அதிலேயே குளிக்க வெந்நீர், அதிலேயே குழம்பு, அதிலேயே கீரை. சமைத்ததை விரூபாட்ச குகைக்கு எடுத்துக்கொண்டு போய் அந்த இளம் சாமிக்குக் கொடுப்பார். ஊர் அவருக்கு வைத்த பெயர் கீரைப் பாட்டி.

இந்த விவரங்கள் ரமணரே பின்னாளில் சொன்னவை. சூரி நாகம்மா தன் அண்ணனுக்குத் தெலுங்கில் எழுதிய கடிதங்களில் பதிவாகி நமக்குக் கிடைத்தன. அதில் ஒரு பெரிய ஞானியின் வாழ்க்கைக் குறிப்பில் எதிர்பார்க்காத அடுப்படிச் சங்கதிகள் இருக்கின்றன. பாட்டி ஊருக்குள் போய் அரிசி, பருப்பு, மாவு என்று யாசித்துச் சேர்த்து ஒரு பானையில் வைத்திருப்பார். "யாரோ ஒரு புண்ணியவதி நேத்து கொஞ்சம் நொய் கொடுத்தா" என்கிற தோரணையில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவருவார். பானையில் என்ன இருக்கிறது என்று சாமிக்குத் தெரியாது என்பது அவர் நினைப்பு. சாமியோ பாட்டி இல்லாத நேரத்தில் போய்ப் பார்த்து வைத்திருப்பார். சில நாள் அவரே உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொடுப்பதும் உண்டு. கீரை எதுவும் கிடைக்காத நாளில் பாட்டி மனசு ஒடிந்து உட்கார்ந்துவிடுவார். அப்போது ரமணர் புளியமரத்தில் ஏறி, கொழுந்து பறித்துத் தருவார். புளியங்கொழுந்தைப் பருப்போடு வேகவைத்தால் தனியாகப் புளி கரைக்க வேண்டாம், இலையிலேயே புளிப்பு இருக்கு. இன்னிக்கும் ஆந்திராவில் அது சீசன் சமையல். நம்ம பக்கம் அதைச் சமைக்கிற கைகள் குறைஞ்சுபோச்சு.

அந்தக் காலத்தில் மலை மேல் சாப்பாடு என்றால் பிச்சைச் சாப்பாடு. அன்பர்கள் ஊருக்குள் போய் வாங்கி வருவார்கள். அப்படிப் போகும்போது பாடத்தான் அட்சரமணமாலை எழுதப்பட்டது. உப்புகூடக் கேட்டு வாங்குவதில்லை, கிடைத்ததோடு சரி. உப்பில்லாத சோறு, பாட்டியின் கீரை. நத்தத்தனார் சொன்ன அதே சமையல்தான். இங்கே யாரும் கதவைச் சாத்தவில்லை.

ரமணர் ஸ்கந்தாசிரமத்தில் இருந்த காலத்தில், அதாவது 1922க்கு முன், பாட்டி காலமானார்.

1926இல் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பசுவும் கன்றும் ரமணாசிரமத்துக்கு வந்தன. கன்றின் பெயர் லட்சுமி. அது ரமணரிடம் காட்டிய ஒட்டுதலைப் பார்த்து, கீரைப் பாட்டிதான் பசுவாகத் திரும்பி வந்திருக்கிறாள் என்று அன்பர்கள் நம்பினார்கள். முன்பு பாட்டி கீரை கொடுத்தாள், இப்போது இவர்கள் அவளுக்குத் தழை கொடுக்கிறார்கள். நம்புவதும் நம்பாததும் உங்க விருப்பம். எனக்கு அதில் ஒரு கடன் திருப்பும் கணக்குத் தெரியுது. சின்னதாக ஒரு கைப்பிடி கீரையை இருபது முப்பது வருஷம் கழித்தும் அந்த இடம் மறக்கவில்லை.

லட்சுமி 1948 ஜூன் 18, வெள்ளிக்கிழமை இறந்தது. ஆசிரமத்தில் அதற்குச் சமாதி இருக்கிறது, கல்லில் வடித்த பசு உருவம் இருக்கிறது. வருஷம், மாதம், திதி, நட்சத்திரம் எல்லாம் வைத்து ரமணரே வெண்பா எழுதினார். டேட்டாபேஸ் பாஷையில் சொன்னா, பசுவோட ரெக்கார்டுல ஒரு காலம்கூடக் காலி இல்ல. அதே ஆள் என்று நம்பப்பட்ட பாட்டியின் ரெக்கார்டில் பிறந்த ஊர் இல்லை, வயசு இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவர் பறித்த பொருளின் பெயர் இருக்கிறது.

பேய்க் கோபுரத்துக்குப் பின்னால் ஏறும் பாதையில், விரூபாட்ச குகைக்குப் போகும் வழியில் குகை நமசிவாயர் கோயில் வரும். நிறையப் பேர் அதைத் தாண்டிப் போயிடறாங்க. மழைக்காலத்துல ஏறினா பாதை ஓரத்தைப் பாருங்க, என்னென்ன முளைச்சிருக்குன்னு. அதுல எத்தனைக்கு உங்க வீட்டுப் பெரியவங்களுக்குப் பேர் தெரியும்னு கேட்டு, அவங்க சொல்றதை அவங்க குரல்லயே பதிவு பண்ணி அனுப்புங்க. சொன்னவங்க பேரையும் மறக்காமச் சேர்த்து அனுப்புங்க.